வரிசையும் வாகையும்

முதலாவதாக வந்தவரைப் போற்றுதலும் பின்வந்தவரை மறத்தலும் உலகத்தாரின் இயல்பு. ஆயின், முதலிடத்தில் இருந்த ஒருவரை, அவர் அவ்விடத்தில் இருந்தமை பற்றியே உலகம் எள்ளி நகைத்தது எனின், கேட்பார்க்கு அது வியப்பாகவே தோன்றும். அத்தகைய நகைப்புக்கு ஆளானவர் தினாரா சபினா என்னும் ருஷ்ய நாட்டு டென்னிஸ் வீராங்கனையார். 2009ஆம் ஆண்டில் மகளிர் டென்னிஸ் உலகின் முதல்வராக அவர் 26 வாரங்கள் விளங்கினார். அவ்வாரங்களில் அவரைப் பின்தொடர்ந்த வினா ஒன்று உண்டு. பெரும்பட்டம் ஒன்றேனும் பெறாத ஒருவர் முதல்வர் ஆதல் எங்ஙனம் கூடும் என்பதே அது. அவ்வினா நேர்மையுடையதன்று என்பது எம் கருத்து. அதனை நிறுவ முயலுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பந்தாட்டத்தைப் பற்றிய கட்டுரைக்கு நம் தமிழ்ப் பகுதியில் இடம் எற்றுக்கு என வினவும் அன்பர்களும் இருக்கலாம். யாம் பேசப் புகுவது பந்தையும் மட்டையையும் பற்றி மட்டுமன்று. ஒருவரது தகுதியை உலகம் எந்தக் கோல் கொண்டு அளக்கின்றது என்பதைப் பற்றியுமாம். ஆண்டுதோறும் அளக்கப்படுகின்ற மாணாக்கராகிய நமக்கு அவ்வாராய்ச்சி புறம்பானதன்று.

டென்னிஸ் ஆட்டத்தில் ஒருவருடைய பெருமையை அளப்பதற்குக் கோல்கள் இரண்டு உள. அவற்றுள் ஒன்று, 'கிராண்ட் ஸ்லாம்' என வழங்கப்பெறும் நான்கு பெரும் பந்தயங்களில் வெற்றி பெறுதல். மெல்போர்ன், பாரிஸ், லண்டன் நகரத்து விம்பிள்டன், நியூயார்க் ஆகிய நான்கிடங்களில் ஆண்டுக்கு ஒருமுறை இவை நடைபெறும். ஒற்றையர் ஆட்டத்தில் 128 பேர் கலந்துகொள்வர். ஏறத்தாழ இரண்டு வாரங்களுள் ஏழு ஆட்டங்களை இடையறாது வென்றவரே பட்டம் எய்துவர். ஒருமுறை தோற்பின் ஊர் திரும்ப வேண்டுவதுதான். இதனை யாம் 'வாகை' என்போம்.

மற்றொன்று, தரவரிசை. சென்ற 52 வாரங்களில் ஒருவர் பற்பல பந்தயங்களில் ஈட்டிய புள்ளிகளைக் கூட்டி, அத்தொகையின்படி ஆட்டக்காரரை நிரல்பட நிறுத்துவது இது. மகளிர்க்கு 1975ஆம் ஆண்டு முதல் கணிப்பொறியின் துணைகொண்டு இவ்வரிசை வகுக்கப்பட்டு வருகின்றது. அதில் முதன்முதல் தலைமை எய்தியவர் அமெரிக்கராகிய கிறிஸ் எவர்ட். இதனை யாம் 'வரிசை' என்போம். வாகையோ இரண்டு வாரத்தின் விளைவு. வரிசையோ ஓராண்டின் விளைவு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதே உலகம் செய்த பிழை.

நிற்க. தினாரா சபினா 1986ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 27ஆம் நாள் மாஸ்கோ நகரில் தாத்தாரியர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அக்குடும்பத்தில் டென்னிஸ் என்பது விளையாட்டாக மட்டும் இருக்கவில்லை, பிழைப்பாகவும் இருந்தது. தந்தையார் அந்நகரத்து ஸ்பார்ட்டக் டென்னிஸ் சங்கத்தை நடத்திவந்தவர். தாயார் ரவுசா இஸ்லானோவா சிறுவர்க்கு ஆட்டம் பயிற்றுவித்த ஆசிரியை. அனஸ்தேசியா மிஸ்கினா, எலெனா டெமண்டீவா முதலிய பிற்காலத்துப் பெருவீராங்கனைகள் இளமையில் அவ்வம்மையாரிடம் பயின்றவரே. அவருடைய மாணாக்கருள் முதல்வர் என்னத் தக்கவர் அவர் ஈன்ற மகனார் மராட் சபின். தினாராவுக்கு இவர் ஆறாண்டு மூத்த தமையனார். இவரை இளமையிலேயே ஸ்பெயின் நாட்டு வலென்சியா நகருக்குப் பயிற்சியின் பொருட்டு அனுப்பினர். பின்னர்த் தினாராவும், எட்டு வயதுச் சிறுமியாய், தாயாருடன் அந்நகரை அடைந்தார்.

2000ஆம் ஆண்டில், இருபது வயதே நிரம்பிய மராட், நியூயார்க் பந்தயத்தின் இறுதியாட்டத்தில் பீட் சாம்பிரஸை ஒரு செட்டேனும் விட்டுக்கொடாது வீழ்த்திப் பெரும்புகழ் எய்தினார். அப்பொழுது தங்கைக்கு வயது பதினான்கு. அன்று தொட்டு, அவள் யார் என வினவுவார்க்கு, சபினின் தங்கை என்பதே விடையாயிற்று. தமையனார் பெயரின் நிழல் குளிர்ச்சி தருவதே. ஆயினும் நிழலில் நிற்கும் செடி வளர்தல் அரிது.

2007ஆம் ஆண்டில் பிரெஞ்சு வீராங்கனை நதாலி தெஷியுடன் கூடி நியூயார்க்கில் இரட்டையர் பட்டத்தை அவர் வென்றார். ஒற்றையர் ஆட்டத்திலோ அவர் பெயர் பெருமளவில் பேசப்படவில்லை. அந்நிலை மாறியது 2008ஆம் ஆண்டு மே திங்களில். பெர்லின் நகரப் பந்தயத்தில், அந்நாளில் உலகின் முதல்வராய் இருந்த பெல்ஜிய வீராங்கனை ஜஸ்டின் ஹெனினை அவர் தோற்கடித்தார். சின்னாட்களில், முதலிடத்தில் இருந்தவாறே, ஹெனின் ஆட்டத்தினின்றும் ஓய்வு பெற்றார். அதே பந்தயத்தில் செரீனா வில்லியம்ஸையும், இறுதியில் டெமண்டீவாவையும் வென்று தினாரா பட்டம் பெற்றார்.

அடுத்து வந்தது பாரிஸ். அங்கு நான்காம் சுற்றில், அப்பொழுது முதலிடம் எய்தியிருந்த மரியா ஷரபோவாவோடு பொருதார். முதல் செட்டை இழந்து, இரண்டாவதில் இரண்டுக்கு ஐந்து எனப் பின்தங்கினார். எதிரிக்கு இன்னும் ஒரு புள்ளியே வேண்டியிருந்தது. அந்நிலையினின்றும் மீண்டு வென்றார். கால் இறுதியில் டெமண்டீவாவோடு ஆடியபொழுதும் அவ்வாறே முதல் செட்டை இழந்தார். அவ்வாறே இரண்டுக்கு ஐந்து எனத் தாழ்ந்தார். அவ்வாறே தோல்வியின் விளிம்பினின்றும் மீண்டார். இறுதியாட்டத்தில் செர்பிய நங்கை அனா இவானோவிச்சிடம் தோற்றார். அவ்வாண்டு ஆகஸ்டில் பீக்கிங் நகரத்தில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டியில், அவ்வாரம் முதலிடத்தில் இருந்த யெலெனா யாங்கோவிச்சையும் வென்று வெள்ளிப் பதக்கம் பெற்றார். இவ்வாறு ஓராண்டுக்குள், முதலிடத்தில் வீற்றிருந்த மூவரை, அவர் அவ்விடத்தில் இருந்த காலத்திலேயே, தினாரா வென்றார். பீக்கிங் இறுதியாட்டத்தில் அவரிடமிருந்து பொற்பதக்கத்தைப் பறித்தவர் டெமண்டீவா; அஃதாவது, இளமையில் தினாராவின் தாயாரிடமே மட்டை பிடிக்கப் பயின்ற நங்கை.

2009ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் தினாரா சபினா உலக வரிசையின் தலைமையை எய்தினார். கணிப்பொறி வரிசை தோன்றிய பின்னர் மகளிருள் அவ்விடம் அடைந்தோரில் இவர் பத்தொன்பதாமவர். ருஷ்ய மகளிருள் ஷரபோவாவுக்கு அடுத்தவர். தமையனும் தங்கையும் ஆகிய இருவரும் உலக முதன்மை எய்தியது டென்னிஸ் வரலாற்றில் அதுவே முதன்முறை. அடுத்த திங்களிலேயே ரோம் நகரத்துப் பட்டத்தையும் மத்ரீத் நகரத்துப் பட்டத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக வென்றார். பின்னர்ப் பாரிஸ் சென்று, முதல் நான்கு ஆட்டங்களிலும் சேர்த்து எதிரிகளுக்கு ஐந்தே 'கேம்'களை விட்டுக்கொடுத்து முன்னேறினார். இம்முறை வாகை அவருக்கே என்று யாவரும் எண்ணினர்.

நடந்தது வேறு. இறுதியாட்டத்தில் தம் நாட்டவராகிய ஸ்வெத்லானா குஸ்நெட்சோவாவிடம் நேர் செட்களில் தோற்றார். ஆட்டத்தின் கடைசிப் புள்ளி எதிரி அடித்து வென்றதன்று. சபினாவின் சர்வீஸ் வாய்ப்பு இரண்டும் ஒருங்கே தவறியமையால் அவர் தாமே இழந்தது. அதற்கு முன்னரே, அவ்வாண்டு ஜனவரியில், மெல்போர்ன் இறுதியாட்டத்தில் செரீனாவிடம் மூன்று கேம்களே பெற்று, ஒரு மணி நேரத்திற்குள் வீழ்ந்திருந்தார். பாரிஸுக்குப் பின்னர் விம்பிள்டன் அரை இறுதியில் வீனஸ் வில்லியம்ஸிடம் ஒரே கேம் பெற்றுத் தோற்றார். அப்பந்தயத்தை வென்ற செரீனா, பட்டமின்றி முதலிடத்தில் இருத்தலினும், மூன்று பெரும்பட்டங்களை உடையராய் இரண்டாமிடத்தில் இருத்தலே தமக்கு உவப்பு என்னும் பொருள்படப் பேசினார். சபினா ரோமையும் மத்ரீதையும் வென்றிருக்கின்றாரே என்று சிறிது குறும்பாகவும் சேர்த்துரைத்தார். கேட்டவர் நகைத்தனர். அந்நகைப்பு உலகெங்கும் பரவிற்று.

செரீனாவின் கூற்றில் பொய்யில்லை. நியூயார்க், மெல்போர்ன், விம்பிள்டன் ஆகிய மூவிடத்து வாகையும் அன்று அவர் தோளில் இருந்தன. தம் விருப்பம் இன்னதெனக் கூற அவர்க்கு உரிமையும் உண்டு. யாம் மறுப்பது, அக்கூற்றைக் கொண்டு சபினாவின் முதன்மை போலியானது என்று பிறர் முடிவு கட்டியமையையே.

முதலாவது, வரிசையை வகுக்கும் விதிகளைச் சபினா இயற்றவில்லை. அவை யாவர்க்கும் பொதுவாய், முன்னரே அறிவிக்கப்பட்டவை. அவ்விதிகள் பெரும் பந்தயங்களைப் புறக்கணித்தனவும் அல்ல. 2009ஆம் ஆண்டில் அத்தகைய பந்தயம் ஒன்றில் பட்டம் பெற்றவர்க்கு 2000 புள்ளிகள். இறுதியாட்டத்தில் தோற்றவர்க்கு 1400. மத்ரீத் போன்ற பந்தயத்தில் பட்டமே பெற்றாலும் 1000. இங்ஙனம் வாகைக்கு இரட்டிப்பு மதிப்புக் கொடுத்த கணக்கிலேயே சபினா முன்னின்றார். காரணம் யாது? 2008 மே முதல் 2009 ஜூலை வரை நடைபெற்ற ஆறு பெரும் பந்தயங்களுள் மூன்றில் இறுதியாட்டத்தையும், இரண்டில் அரை இறுதியையும் அவர் அடைந்தார். ஏனைய வாரங்களிலும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. செரீனாவோ அவ்விளவேனிற் காலத்தில் ரோமிலும் மத்ரீதிலும் தாம் ஆடிய முதலாட்டத்திலேயே வெளியேறினார். ஆண்டு முழுவதும் உழுதவனுடைய களஞ்சியம் நிறைந்திருப்பின், அந்நெல்லைப் போலி நெல் என்பார் உண்டோ?

இரண்டாவது, வாகையைக் கொண்டு வரிசையைப் பழித்தல் தகுமாயின், வரிசையைக் கொண்டு வாகையைப் பழித்தலும் தகும். 2008இல் பாரிஸில் சபினாவை வென்று வாகை சூடிய இவானோவிச், அதன்பின் விம்பிள்டனில் மூன்றாம் சுற்றிலும், நியூயார்க்கில் இரண்டாம் சுற்றிலும் தோற்றார். பெரும் பந்தயம் ஒன்றின் இறுதியாட்டத்தை அவர் மீண்டும் எய்தவே இல்லை. இதுபற்றி அவருடைய வாகை போலியானது என்று எவரேனும் கூறின் ஒப்புவோமா? ஒப்போம். அவ்விரண்டு வாரமும் அவரே சிறந்தவர். அங்ஙனமாயின் அவ்வோராண்டில் சபினாவே நிலைபெற்ற ஆட்டக்காரர் என்பதையும் ஒப்புதல் வேண்டும். ஒரு நீதி இருவர்க்கும் ஒன்றாதல் வேண்டுமன்றோ?

மூன்றாவது, சபினா இதில் தனித்தவர் அல்லர். 1998இல் ஆடவருள் முதன்மை பெற்ற சிலி நாட்டு மார்செலோ ரியோஸும், 2008இல் மகளிருள் முதன்மை பெற்ற யாங்கோவிச்சும் ஒற்றையர் பெரும்பட்டம் பெறாமலே ஓய்வுற்றனர். கிம் கிளைஸ்டர்ஸ் 2003இலும், அமெலி மொரெஸ்மோ 2004இலும் முதலிடத்தை அடைந்தபொழுது அவர்களிடம் ஒற்றையர் பெரும்பட்டம் யாதும் இல்லை. முன்னவர் 2005இலும் பின்னவர் 2006இலும் அதனைப் பெற்றனர். டென்மார்க் நாட்டுக் கரோலின் வோஸ்னியாக்கி 2010இல் முதல்வராகி, எட்டாண்டு காத்திருந்து 2018இல் மெல்போர்னில் வாகை சூடினார். காலம் அவர்களுக்கு இடம் கொடுத்தது. சபினாவுக்குக் காலம் இடங்கொடாமையைப் பின்னர்க் காண்போம்.

இனி, எம் கருத்தை மறுப்பார் கூறக்கூடியது ஒன்றுண்டு, அது வலியுடையது. சபினா மூன்று இறுதியாட்டங்களில் தோற்றார் என்பது மட்டுமன்று. அம்மூன்றிலும் ஒரு செட்டையேனும் அவர் வெல்லவில்லை. எதிரியின் திறம் மட்டுமன்றித் தம் உள்ளத்தின் நடுக்கமும் அவரை வீழ்த்தியது என்பது கண்டார் யாவர்க்கும் தெரிந்தது. பெருநாளில் நிமிர்ந்து நிற்பவரே பெருவீரர் என்பர். இதனை யாம் மறுக்கவில்லை. மறுத்தல் நேர்மையும் அன்று. பெருவீராங்கனையர் வரிசையில் செரீனாவுக்கு அருகே அவரை நிறுத்துதல் வேண்டும் என்பதும் எம் வாதமன்று. ஆயின், மிகப்பெரியவர் அல்லர் என்பது வேறு. பொய்யாய் முதல்வர் ஆனவர் என்பது வேறு. முன்னது ஒரு மதிப்பீடு. பின்னது ஒரு பழி. தோல்விக்குத் தம்மையன்றிப் பிறரை நோகாத ஒருவர்மீது இப்பழியைச் சுமத்துதல் எவ்வாற்றானும் தகாது.

தமையனையும் தங்கையையும் அருகருகே வைத்து நோக்கின் இவ்வுண்மை இன்னும் தெளிவாம். மராட் சபின் இருமுறை வாகை சூடினார்: 2000இல் நியூயார்க்கிலும், 2005இல் மெல்போர்னிலும். பின்னதன் அரை இறுதியில் ரோஜர் பெடரரை ஐந்து செட் போராடி அவர் வென்ற ஆட்டத்தை டென்னிஸ் அன்பர் இன்றும் எடுத்துக் கூறுவர். ஆயின் உலக வரிசையின் தலைமையில் அவர் இருந்தது மொத்தம் ஒன்பது வாரமே. சினம் மிக்கவர், மட்டைகளைத் தரையில் மோதி உடைப்பதில் பெயர் பெற்றவர். ஒரு நாள் மலைபோல் நிற்பார். மறுநாள் மணல்மேடுபோல் சரிவார். தங்கைக்கோ வாகை இல்லை. ஆயினும் 26 வாரங்கள் தலைமை. ஒரே தாய் பயிற்றிய இருவர். ஒருவர்க்கு வாய்த்தது மற்றவர்க்கு வாய்க்கவில்லை. இவருள் யார் பெரியர் என வினவுவார்க்கு, எதனில் என்று திருப்பி வினவுதலே யாம் கூறும் விடை.

முதலிடத்தில் இருப்பது எளிதன்று. எட்டாத உயரத்தை எட்டியவரை மேலும் மெய்ப்பிக்கச் சொல்லிக்கொண்டே இருப்பின், அவர் எங்ஙனம் இளைப்பாறுவார்? 2009 நியூயார்க் பந்தயத்தின் மூன்றாம் சுற்றில், வெற்றிக்கு ஒரு புள்ளியே வேண்டியிருந்த நிலையை அடைந்தும், அந்நாளில் இளையராயிருந்த பெத்ரா குவிட்டோவாவிடம் தோற்றார். ஆண்டின் இறுதியில், முதலிடத்தைக் காப்பதற்காக தோஹா நகருக்குச் சென்றார். அங்கு இரண்டு கேம்கள் ஆடிய அளவில் முதுகுவலி பொறுக்கமாட்டாது விலகினார். அவ்வாண்டின் முதன்மை செரீனாவுக்குச் சேர்ந்தது.

அவ்வலி முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் உண்டான முறிவின் விளைவு. டென்னிஸ் ஆட்டத்தில் சர்வீஸ் அடிக்குந்தோறும் உடல் பின்புறமாக வளைந்து, உடனே முறுக்கிக்கொண்டு முன்னே பாய்தல் வேண்டும். ஒரு நாளில் பன்முறை, ஓராண்டில் பல்லாயிரமுறை நிகழும் இவ்வியக்கத்தால் இடுப்பெலும்பின் மேலுள்ள கணுக்கள் நுண்ணிய சிதைவு எய்தும். ஓய்வு கிடைப்பின் எலும்பு தன்னைத் தானே செப்பஞ் செய்துகொள்ளும்; கிடையாவிடின் சிதைவு விரிசலாகும். ஒரே அடியால் நேரும் முறிவன்று இது. உழைப்பே சிறிது சிறிதாய் உண்டாக்கும் முறிவு. உலகத்தார் வினாவே அவர் முதுகை முறித்தது என்று யாம் கூறோம். அங்ஙனம் கூறுதற்குச் சான்று இல்லை. ஆயினும், ஓராண்டு உழைப்பினால் எய்திய வரிசையைப் போலி என்றவர்கள், அவ்வுழைப்பின் விலை யாது என்பதைப் பின்னர்க் கண்டனர் என்று மட்டும் கூறுவோம்.

2011ஆம் ஆண்டு ஜனவரியில், மெல்போர்ன் பந்தயத்தின் முதற்சுற்றில், கிளைஸ்டர்ஸிடம் ஒரு கேமும் பெறாது அவர் தோற்றார். இரண்டாண்டுக்கு முன் அதே பந்தயத்தில் இறுதியாட்டம் வரை வந்தவர் அவர். அம்மே திங்களில் மத்ரீத் நகரில் ஆடியதோடு அவர் களம் புகுதல் நின்றது. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து. நம்மிலும் சில ஆண்டுகளே மூத்தவர். வலி நீங்கின் திரும்பலாம் என்று மூன்றாண்டு காத்திருந்து, 2014 மே திங்களில், தாம் முதல்வராய் இருந்த காலத்தில் பட்டம் வென்ற அதே மத்ரீத் நகரிலேயே ஓய்வை அறிவித்தார். ஒற்றையர் ஆட்டத்தில் 12 பட்டங்கள், ஓர் ஒலிம்பிக் வெள்ளி, ஓர் இரட்டையர் பெரும்பட்டம். இவையே அவர் விட்டுச்சென்ற கணக்கு.

தமையனாரின் பிற்கால வாழ்வு வேறு வழியில் சென்றது. 2009 நவம்பரில் பாரிஸில் தம் கடைசி ஆட்டத்தை ஆடிய மராட், 2011 முதல் 2017 வரை ருஷ்யப் பாராளுமன்றமாகிய தூமாவில் உறுப்பினராய் இருந்தார். 2016இல் டென்னிஸ் பெருமக்கள் பெயர் பொறிக்கும் நியூபோர்ட் நகரத்து மன்றத்தில் அவருக்கு இடமளிக்கப்பட்டது. ருஷ்யருள் அச்சிறப்பை முதலிற் பெற்றவர் அவரே. ஆயினும் ஈற்றில் இருவரும் ஒரே தொழிலுக்குத் திரும்பினர். அது தம் தாயார் செய்த தொழில். 2025ஆம் ஆண்டில் மராட், அந்திரே ரூப்லெவ் என்னும் ருஷ்ய வீரருக்கு வழிகாட்டியாகச் சேர்ந்தார். அதே ஆண்டில் தினாரா, தியானா ஷ்னைதர் என்னும் இளநங்கைக்குச் சிலகாலம் பயிற்சியளித்தார். வாகை சூடிய தமையனும் சூடாத தங்கையும் களத்தின் ஓரத்தில் ஒரே நிலையில் அமர்ந்தனர். கற்பிக்கும் இடத்தில், உமக்கு எத்தனை பெரும்பட்டங்கள் என்று பந்து வினவுவதில்லை. தோல்வியின் விளிம்பில் நின்ற இரு ஆட்டங்களை ஒரே பந்தயத்தில் மீட்டவர், பெருநாளில் கை நடுங்குதலையும் பட்டறிந்தவர், இளையோர்க்கு உரைக்கத்தக்கது மிக உடையர் என்றே யாம் நினைக்கின்றோம்.

இனி நம்மைப் பற்றிச் சில சொற்கள். தமிழில் 'வரிசை' என்னும் சொற்குப் பொருள் இரண்டு உண்டு. ஒன்று, ஒன்றன்பின் ஒன்றாய் நிற்கும் ஒழுங்கு. மற்றொன்று, தகுதி நோக்கிச் செய்யும் சிறப்பு. பண்டை நாளில் பரிசில் வேண்டிச் சென்ற புலவர் பொருளின் மிகுதியைவிடத் தம் வரிசையை அறிந்து கொடுக்கும் கொடையையே பெரிதாக மதித்தனர் என்பதைச் சங்கநூல் பயில்வார் அறிவர். நம் காலத்திலோ முதற்பொருளே நின்று, இரண்டாம் பொருள் மறைந்துவருகின்றது. ஒருவர் எத்தனையாவதாக நிற்கின்றார் என்று எண்ணுகின்றோம். அவர் எதனால் அங்கு நிற்கின்றார் என்று எண்ணுவதில்லை.

நம் வகுப்பறைகளிலும் இருவகை மாணாக்கர் உளர். தேர்வு மண்டபத்து மூன்று மணி நேரத்தில் மின்னலென ஒளிர்வார் ஒருவகையினர். நாள்தோறும் நூல் நிலையத்தில் அமர்ந்து, ஒரு கட்டுரையும் தவறாது எழுதி, தேர்வு நாளில் கை நடுங்குவார் மற்றொரு வகையினர். முன்னவர்க்குப் பதக்கம் உரியதே. அதனை எவரும் பறித்தல் வேண்டா. பின்னவரைப் பார்த்து, பதக்கம் பெறாத நீர் என்ன கற்றீர் என்று வினவும் வழக்கத்தை மட்டும் ஒழித்தல் வேண்டும். ஒளிர்தலும் உழைத்தலும் இருவேறு அறங்கள். ஒன்றன் கோலால் மற்றதை அளத்தல், படியைக் கொண்டு துணியை அளப்பதை ஒக்கும்.

வரிசையின் தலைமை திங்கட்கிழமைதோறும் மாறக்கூடியது. சபினாவுக்குப் பின் பலர் அவ்விடத்தில் அமர்ந்துவிட்டனர். 'பட்டம் பெறாத முதல்வர்' என்னும் தொடரோ அவரைவிட்டு நீங்கவில்லை. இகழ்வார் அதனை இகழ்ச்சியாகவே கூறுகின்றனர். இலக்கணம் பயில்கின்ற யாம் அத்தொடரைப் பகுத்து நோக்குகின்றோம். 'பெறாத' என்பது எதிர்மறைப் பெயரெச்சம். அது தழுவி நிற்பது 'முதல்வர்' என்னும் பெயரை. எச்சம் பெயரைச் சிறப்பிக்கலாம், குறைத்தும் காட்டலாம், அழித்தல் மட்டும் அதற்கு இயலாது. இனி எவரேனும் அத்தொடரை எம் முன் கூறின், அவர் முடித்த சொல்லையே யாம் கைக்கொள்வோம்.